சமையலறைப் பக்கத்துத் தரை

ஹோண்டோ, டெக்சஸ்
மார்ச் 6, 2017

தம்பி மனைவி எர்மினியாவுக்கு,

ஒத்தீலியா எழுதுகிறேன். மாதாவின் தயவில் மூச்சு ஓடுகிறது, வேளைக்குப் பசிக்கிறது, எழுபத்து நாலு வயதுக்கு அது போதும். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சினையாக இருந்த அந்தக் கறுப்பு ஆடு, எல்லாரைப் பற்றியும் எழுது.

இங்கே வீட்டுக்குள் வெள்ளம் வந்து போனது. போன மாதம் வெந்நீர்த் தொட்டி வெடித்துவிட்டது. நான் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் என் வீட்டுச் செருப்பு ஒன்று மிதந்து வந்து வாசலில் என்னை வரவேற்றது. கம்பளம் போயிற்று. கம்பளத்துக்கு அடியில் என் வீட்டுக்காரர் அன்செல்மோ இருந்த நாளில் ஒட்டிய லினோலிய விரிப்பும் போயிற்று. மகள் மாரிசேலா ஆள் வைத்து எல்லாவற்றையும் சுரண்டி வெளியே போட்டாள். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அடித்தரை வெளிச்சத்தைப் பார்க்கிறது.

இனிமேல் கம்பளமே வேண்டாமாம். இந்தக் கான்கிரீட்டையே தேய்த்து மெருகு போட்டுவிடலாமாம். "என்னை மாட்டுக்கொட்டாயில கட்டப்போறியா?" என்று கேட்டேன். அவள் என்னைக் காரில் ஏற்றிப் புதிதாகத் திறந்திருக்கும் ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனாள். எர்மினியா, அந்தத் தரையை நீ பார்க்க வேண்டும். காற்று அடங்கிய குளம் மாதிரிக் கிடந்தது. ஜன்னல் அதற்குள் இருந்தது. ஆட்கள் தலைகீழாக, பாதத்தோடு பாதம் ஒட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு நேர் கீழே ஒரு கிழவி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் என் முகத்தைவிட அமைதியாக இருந்தது. ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆனால் என் தரையில் ஒரு கோடு இருக்கிறது. ஜன்னலடியில் புறப்பட்டு நடுவே வெட்டிக்கொண்டு குளியலறைக் கதவு வரை போகிறது. இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் சமையலறை. அது எப்படி வந்தது என்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. 1974 ஆகஸ்ட் பத்து, சனிக்கிழமை, இந்த வீட்டுக்குக் கான்கிரீட் தரை போட்ட நாள். உன் வீட்டுக்காரன் ரமீரோ சபாட்டாவிலிருந்து பெரிய கலவை மெஷினோடு காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். என் கூடப் பிறந்தவன். அவனை நம்பி அன்செல்மோ ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஏழாயிற்று, பத்தாயிற்று. இரண்டு மணி வெயிலில் போட்ட பாதி கல்லாகிவிட்டது. அன்செல்மோவின் கைத்தோலைச் சிமெண்ட் தின்றுவிட்டது. அப்படியே விட்டார்கள். பிறகு எப்போது மீதியைப் போட்டாலும் பழையதோடு புதியது ஒட்டாது. கோடு விழுந்தது விழுந்ததுதான்.

அன்று நான் நிறைமாதம். சான் ஹுவான் மாதா படத்துக்கு முன்னால், எல்லார் காதும் கேட்கச் சத்தியம் செய்தேன்: ரமீரோவின் கை பட்ட தரையில் என் கால் படாது. திங்கட்கிழமையே பிரசவத்துக்கு அங்கே சபாட்டாவில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பது நாள் தீட்டு முடிந்து பிள்ளையோடு திரும்பியபோது, அன்செல்மோ தன்னோடு வேலை பார்த்த சிநேகிதர்களை வைத்து மீதித் தரையைப் போட்டு, சுவரும் எழுப்பியிருந்தார்.

போன் செய்தால் என்ன என்கிறாள் மாரிசேலா. போனை யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாதே. கடிதம் என்றால் பெயர் போட்டவருக்குத்தான்.

வீட்டில் உள்ள எல்லாரையும் கேட்டதாகச் சொல். எல்லாரையும் என்றால் யார் யார் என்று உனக்குத் தெரியும்.

ஒத்தீலியா

•

சபாட்டா
மார்ச் 25, 2017

அன்புள்ள அண்ணிக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது, வலி மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைகள் சுகம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் வெள்ளை. நீங்கள் ஈரத்தில் நடந்து சளி பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நேற்று மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அண்ணி, சிமெண்ட் தரை வேண்டாம். பனிக்காலத்தில் எலும்பு வரை குளிரும். என் சித்தப்பா மகன் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செம்மண் ஓடு வரவழைக்கிறான். நாய்க்குட்டி நடந்த கால்தடம்கூடச் சில ஓட்டில் இருக்கும், அவ்வளவு அழகு. லாரியில் அனுப்பச் சொல்கிறேன். ஓடு போட்டுவிட்டால் அந்தக் கோடும் மறைந்துபோகும். இத்தனை வருஷம் மறைந்திருந்தது, இனியும் இருக்கட்டுமே.

உங்கள் கடிதத்தை வழக்கம்போலச் சத்தமாகத்தான் படித்தேன். முடிப்பதற்குள் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

மாரிசேலாவுக்கு என் முத்தம்.

உங்கள் எர்மினியா

•

ஹோண்டோ
ஏப்ரல் 17, 2017

எர்மினியா,

நீ ஏற்றிய மெழுகுவர்த்தி வேலை செய்தது, சளி பிடிக்கவில்லை. நேற்று ஈஸ்டர். வழக்கப்படி குழந்தைகள் வண்ணக் காகிதத் துணுக்கு அடைத்த முட்டைகளை என் தலையில் உடைத்தார்கள். வெறும் தரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகச் சிதறிக் கிடந்ததைப் பெருக்க மனம் வரவில்லை.

ஓடு வேண்டாம். 1981இல் உன் சித்தப்பா மகன் என் குளியலறைக்குக் கொடுத்த ஓட்டில் பதினான்கு விரிசல். எண்ணி வைத்திருக்கிறேன்.

மெருகு போடுகிறவர் வந்தார். பெனாவிதஸ் என்று பெயர், பெரிய மீசை, மெதுவான பேச்சு. தேய்ப்பதில் மூன்று ஆழம் இருக்கிறதாம். மேலே படிந்த சிமெண்ட் பாலை மட்டும் தேய்த்தால் காய்ச்சின பாலாடை மாதிரி வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் மணல் தெரியும், உப்பும் மிளகும் தூவினது போல. அடிவரை போனால் ஜல்லி பாதியாக அறுபட்டு முகம் காட்டும். அதன் பிறகு பளபளப்பு: மங்கல், நடுத்தரம், கண்ணாடி. "பளபளப்ப பின்னாடி மாத்திக்கலாம்மா. ஆழத்த மாத்த முடியாது. தேச்சது தேச்சதுதான்" என்றார்.

கண்ணாடி என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன். ஆழம்தான் முடிவாகவில்லை.

எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் சாய்த்தார். எர்மினியா, வெளியே நிற்கும் பெகான் மரம் அப்படியே உள்ளே வந்து படுத்துக்கொண்டது. அதன் கிளைகளுக்கு நடுவே வானம். நான் நகராமல் நின்றேன். மரம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் காய்ந்து, கடைசியில் ஒரு கைக்குட்டை அளவு வானம் மட்டும் மிஞ்சி, அதுவும் போயிற்று. அவர் இன்னொரு வாளி ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்னேன்.

சமையலறைப் பக்கம் தண்ணீர் எங்கும் தேங்காமல் ஒரே கனத்தில் நின்றது. அவர் குனிந்து கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் கரண புடிச்சு இழைச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர்தான்."

"ரெண்டு பக்கமும் அவரேவா? கை வேற மாதிரி இருக்கே."

அந்தப் பக்கம் போட்டது அவசரத்தில், இந்தப் பக்கம் நிதானத்தில் என்று சொன்னேன். என் அன்செல்மோவை இந்த ஊரே பாராட்டியது, இப்போது ஒரு அந்நியனும் பாராட்டுகிறான்.

கோட்டைச் சாயம் ஏற்றி மறைத்துவிடலாமாம். கூடாது என்று சொல்லிவிட்டேன். பளபளக்கும் தரையில் அது நன்றாகத் தெரியட்டும். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கட்டும். எனக்கு வாய் இருக்கிறது.

உன் குடும்பத்தில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். வெள்ளைக் குட்டிகளும்.

ஒத்தீலியா

•

சபாட்டா
மே 2, 2017

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். வெயில் வந்துவிட்டது. உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீராமல் இருக்கிறதா?

அண்ணி, செய்வதென்று முடிவு செய்துவிட்டால் மேல் பாலை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். ஆழம் வேண்டாம். இங்கே ஒரு வீட்டில் ஆழமாகத் தேய்த்ததில் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்துவிட்டன. பாலாடை மாதிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைவிட அழகு என்ன வேண்டும்? கல்லைப் போய் யார் பார்ப்பார்கள்?

தேய்ப்பதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று அவர் கேட்டார். சும்மாதான் கேட்டார்.

உங்கள் எர்மினியா

•

ஹோண்டோ
மே 14, 2017

எர்மினியா,

மாத்திரை இருக்கிறது. இன்று அன்னையர் தினம், மாரிசேலா பூ கொண்டுவந்தாள், வாடிப்போன பூ.

உன் வீட்டுக்காரன் சும்மா கேட்டானாம். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவனிடமிருந்து இந்த வீட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்ததில்லை. என் மகளுக்கு அம்மை போட்டபோது வரவில்லை, கூரை காற்றில் பறந்தபோது வரவில்லை. இப்போது தேய்ப்பு எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டுமாம். அதனால்தான் பெனாவிதஸைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் ஒரு தட்டு அளவுக்கு அடிவரை தேய்த்துக் காட்டச் சொன்னேன்.

கூடத்துப் பக்கம் வெள்ளைக் கல். நம் ஊர் குவாரியின் சுண்ணாம்புக் கல், எல்லார் வீட்டிலும் இருப்பது. பிறகு சமையலறைப் பக்கம். மெஷின் சத்தம் நின்றது, அவர் சாம்பல் நிறச் சேற்றைத் துணியால் துடைத்தார். அங்கே ஈரல் நிறத்தில் ஒரு கல். பக்கத்தில் கறுப்பு. பச்சை. தேன் நிறத்தில் ஒன்று, உள்ளே வெளிச்சம் இருப்பது போல. எல்லாம் உருண்டை. ஓடுகிற தண்ணீரில் நூறு வருஷம் உருண்டால் வருகிற உருண்டை.

பெனாவிதஸ் முட்டி போட்டு உட்கார்ந்தார். "இது நம்ம ஊரு ஜல்லி இல்லம்மா. ஆத்துக் கூழாங்கல்லு. தெக்க, எல்லையோர ஆத்துல அள்ளுறது. யாரோ மெனக்கெட்டு இங்க கொண்டாந்திருக்காங்க."

எனக்கு அந்த ஆறு தெரியும். அதில் குளித்து வளர்ந்தவள் நான். அந்தக் கற்களை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் அடி வாங்கியவள். சபாட்டா ஆற்றங்கரையில் ஜல்லி அள்ளுகிற வேலை 1974இல் யார் பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இதையும் நான் மறக்கவில்லை. மாரிசேலா ஆகஸ்ட் இருபத்திரண்டு வியாழக்கிழமை பிறந்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்த தாய்மாமன் ஐந்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கையில் துணி சுற்றியிருந்தது. குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்று அம்மா சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினாள்.

எர்மினியா, அந்த ஐந்து நாள் அவன் எங்கே இருந்தான்?

ஒத்தீலியா

•

ஹோண்டோ
ஜூன் 18, 2017

எர்மினியா,

நீ நலம் என்றுதான் நினைக்கிறேன். செத்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நாற்பது வருஷத்தில் நீ இவ்வளவு நாள் எடுத்ததில்லை. மெருகு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பெனாவிதஸின் மெஷின் துணி போர்த்திக்கொண்டு கூடத்து மூலையில் விருந்தாளி மாதிரி நிற்கிறது.

சமையலறைக்குப் போகாமல் இருக்க முடியாது. அதனால் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் கொண்டுவரச் சொல்லிப் பிரித்து, கோட்டிலிருந்து அடுப்பு வரை, அடுப்பிலிருந்து பின்கதவு வரை விரித்திருக்கிறேன். அட்டைமேல்தான் நடக்கிறேன். மாரிசேலா, "அம்மா, நீ ஆத்துல கல்லு கல்லா தாண்டுற கொக்கு மாதிரி இருக்கே" என்று சிரிக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஒன்றும் தெரியாதபோது என்ன சொல்வது.

மதியம் சாய்வு நாற்காலியில் கண் அசந்தால் ஒரே கனவுதான். சமையலறையில் ஆறு ஓடுகிறது. சத்தமில்லாத ஆறு. மேசை, அடுப்பு, சோளமாவுப் பானை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. அன்செல்மோ கால்சட்டையை மடித்துவிட்டு நடுவில் நின்று தூண்டில் போடுகிறார். ஏதோ சொல்ல வந்து, மீன் ஓடிவிடும் என்பது போல என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைக்கிறார். விழித்தால் அட்டைதான் கிடக்கிறது.

நீ எழுதினால் எழுது. இல்லாவிட்டால் அந்தச் செம்மண் ஓட்டையே அனுப்பிவிடு.

ஒத்தீலியா

•

சபாட்டா
ஜூலை 9, 2017

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்தேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் மனம் நோகாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்ததும் அவர் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜூன் கடிதத்தைப் படித்தேன். அட்டைப்பெட்டி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். நேற்று ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, "அக்கா வயசான காலத்துல அட்டையில நடக்குறா. வழுக்கி விழுந்துடுவா. எழுதிடு" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்குச் சாக்கு கிடையாது, அண்ணி. சிநேகிதன் வீட்டு ஞானஸ்நான விருந்தில் குடித்துவிட்டு மதியம் வரை தூங்கினார். எழுந்து மெஷினைப் பார்த்ததும் அழுதார். அதற்கு நான் சாட்சி, அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மாரிசேலா பிறந்த செய்தி வந்த மறுநாள் விடிந்ததும் லாரியில் கல் ஏற்றினார். தான் வேலை பார்த்த ஆற்றுக் கல், முதலாளியிடம் கேட்டு வாங்கினது. மெஷினையும் கட்டி இழுத்துக்கொண்டு ஹோண்டோ போனார். எங்கே போறீங்க என்று கேட்டேன். "புள்ள வந்து தவழத் தரை வேணாமா?" என்றார்.

அன்செல்மோ அண்ணனின் கை அப்போது ஆறவில்லை, கரணை பிடிக்க முடியாது. அவர் கலவை போட்டுக் கொடுத்தார். மட்டம் தட்டியது, இழைத்தது எல்லாம் இவர்தான். இரண்டு நாள். உறக்கம் லாரியிலேயே. கை வெந்துபோய்த்தான் வந்தார். துணி சுற்றியிருந்தது அதற்குத்தான். குடித்து விழுந்ததால் இல்லை.

காத்திருந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னாராம். அன்செல்மோ அண்ணன் தடுத்துவிட்டார். "மாப்ளே, உன் அக்காள உனக்குத் தெரியாதா? உன் கை பட்டதுன்னு தெரிஞ்சா புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்லயே இருந்துடுவா. எனக்குப் பொண்டாட்டியும் வேணும், வீடும் வேணும். நீ வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினார். நீங்கள் செய்த அதே மாதாவின் மேல்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்செல்மோ அண்ணன் அடக்கத்தன்று எல்லாரும் வீட்டுக்குள் சாப்பிட்டோம். உங்கள் தம்பியை மட்டும் நீங்கள் கூப்பிடவில்லை. பெகான் மரத்தடியில் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டு வாசலை அவர் இன்றுவரை தாண்டியதில்லை. அவர் போட்ட தரையின் மேல் எழுந்த சுவரைக்கூட வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

என்னைத் திட்டுங்கள். அவரை வேண்டாம்.

எர்மினியா

•

ஹோண்டோ
ஜூலை 30, 2017

எர்மினியா,

மனம் நோகாமல் இருக்க வேண்டுமாம். நாற்பத்து மூன்று வருஷம் நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கறுப்பு ஆட்டைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் அன்செல்மோ. அவர் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கைவேலை என்று ஊரெல்லாம் சொன்னேன், அந்த மனிதர் பக்கத்தில் நின்று மீசையைத் தடவினார். மாரிசேலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சமையலறையில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் உட்காருவாளே, காலை அகட்டிக்கொண்டு, அப்படி. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சத்தியத்துக்கு என்ன வழி என்று புதிதாக வந்த பாதிரியாரிடம் கேட்டேன். "கோபத்துல செஞ்ச சத்தியம் கடவுள் காதுல ஏறாதும்மா" என்றார். "எங்க மாதாவுக்குக் காது நல்லாவே கேக்கும் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நானே யோசித்ததில் ஒன்று தெரிந்தது. சத்தியம் இன்னும் உடையவில்லை. கால் படாது என்றுதான் சொன்னேன். குடிவந்த அன்றே லினோலியம் ஒட்டியிருந்தது. அதன்மேல் கம்பளம் வந்தது. அதுவும் போன பிறகு வீட்டுச் செருப்பு, இப்போது அட்டை. நாற்பத்து மூன்று வருஷமும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. அன்செல்மோ என்னைக் கேட்காமல் அவ்வளவு அவசரமாக லினோலியம் வாங்கியது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

இனிமேல்தான் சிக்கல். ஓடு போட்டால் சத்தியம் நிற்கும். மெருகு போட்டால் நடுவில் ஒன்றும் கிடையாது, என் உள்ளங்கால் நேராக அவன் கைமேல் படும். மாரிசேலா ஓடே போடு என்கிறாள். "உனக்கு இதுக்கு மேல என்னம்மா, நிம்மதியா இரு." எனக்கு நிம்மதி என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொன்னது.

அவன் எந்தக் கரணையை வைத்து இழைத்தான்? எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்? எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தான்? கேட்டு எழுது.

முழங்காலுக்கு எண்ணெய் போடு.

ஒத்தீலியா

•

சபாட்டா
ஆகஸ்ட் 20, 2017

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணெய் போடுகிறேன். உங்கள் கேள்விகளைப் படித்தேன். அவர் மேசைத் துணியை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் கையாலேயே இழைத்துக் காட்டினார். அன்செல்மோ அண்ணனின் எஃகுக் கரணைதானாம், கைப்பிடியில் பச்சைப் பெயிண்ட் இருந்ததாம். கோட்டடியில் ஆரம்பித்து, பலகைமேல் முட்டி போட்டுக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையலறைப் பின்கதவு வர வேண்டிய இடத்தில் முடித்தாராம். கடைசி வீச்சு முடிந்தபோது தான் தரைக்கு வெளியில் இருந்தாராம். "அதுல நான் கால் வெக்கவே இல்ல" என்று சொன்னார்.

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அவருக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழலும் கூச்சமும்தான். போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் நடைபாதை முழுக்க மெருகுத் தரை. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கிடந்தது. அவர் தண்ணீர் என்று நினைத்துக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன் என்கிறார். எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் நாற்காலி வண்டியில் வைத்துத் தள்ளினார்கள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணி. நானும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடியே தரை அமையட்டும்.

உங்கள் எர்மினியா

•

ஹோண்டோ
செப்டம்பர் 24, 2017

தம்பி ரமீரோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எர்மினியா படித்துக் காட்டட்டும். சத்தமாகத்தான் படிப்பாள் என்று தெரியும். தொப்பியைக் கீழே வை, பட்டிக்கு அப்புறம் போகலாம்.

உன் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் ஐந்து மாதம் எனக்கு ஆட்டுக்கதை எழுதியிருக்கிறாள் உன் பெண்டாட்டி. சொட்டுமருந்தைத் தவறாமல் போட்டுக்கொள். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆயிற்று, உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன்.

பெனாவிதஸை வரச்சொன்னேன். இரண்டு பக்கமும் அடிவரை தேய்க்கச் சொன்னேன். நான்கு நாள் வீடு முழுக்கச் சாம்பல் நிறப் பால் ஓடியது. நான் வெளியே மரத்தடியில், நீ தட்டோடு நின்ற இடத்தில்தான், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் கழுவித் துடைத்துவிட்டுக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் வெள்ளைக் கல், சலவை காயப்போட்ட மாதிரி. இந்தப் பக்கம் நம் ஆறு, ரமீரோ. தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு அடியை அப்படியே கொண்டுவந்து வைத்தது போல. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கல்லில் வெள்ளை வளையம் இருக்கிறது. அதை மட்டும் அரைமணி நேரம் பார்த்தேன்.

அவர் பளபளப்பு மெஷினைக் கொண்டுவந்து, "கண்ணாடிதானேம்மா?" என்றார்.

"இல்ல, மங்கல்."

"ஆறு மாசமா கண்ணாடி கண்ணாடின்னு உசிர வாங்கினீங்களே?"

"வாங்கினேன். இப்ப வேணாம். ஜன்னலு அதுல தெரியக் கூடாது. விளக்கு தெரியக் கூடாது. வழுக்கவும் கூடாது."

"மரம் உள்ள வரணும்னீங்க."

"மரம் வெளியிலேயே நிக்கட்டும்யா. ஆளு உள்ள வரணும்."

யார் என்று அவர் கேட்கவில்லை. மீசைக்காரர்களில் சில பேர் நல்லவர்கள்.

சத்தியத்துக்கு வருகிறேன். சான் ஹுவான் கோயிலில் வேண்டுதல் தீர்க்கிறவர்கள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலால் போவதை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். அதுபோல, மாரிசேலா கடைக்குப் போயிருந்த நேரத்தில், பின்கதவில் ஆரம்பித்துக் கோடு வரை முழங்காலிலேயே போனேன். நீ எப்படி வந்தாயோ அதே வழியில், எதிர்த் திசையில். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். எங்கேயும் ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. குடித்துவிட்டுத் தூங்கினவன் இவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவனாக இருப்பான் என்று யார் நினைத்தார்கள். கோட்டடியில் மாதாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது எனக்கும் அவளுக்கும். பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பில்லாமல், சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தேன். கால் குளிர்ந்தது. அவ்வளவுதான். மாரிசேலா வந்து என் முழங்காலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமையை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். அது தனி.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைக்குப் பூ வைக்கப் போக வேண்டும். அன்செல்மோவின் படத்தை இன்னும் திருப்பவில்லை. நீயும் எர்மினியாவும் முதல் நாளே வந்துவிடுங்கள். அவரைத் திட்ட எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும், உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மாரிசேலா காரில் வந்து கூட்டிவருவாள்.

வாசலில் படி கிடையாது. எர்மினியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வா. நேராக எட்டு அடி. உள்ளங்காலில் நூல் அகலத்துக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும், பெனாவிதஸ் நிரப்பட்டுமா என்று கேட்டார், விடச் சொன்னேன். அங்கே அவள் தோளை விட்டுவிடு. அதற்கு அப்பால் உனக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. கால்சட்டையைத் தூக்காதே. அங்கே தண்ணீர் இல்லை, நான்தான் இருப்பேன்.

உன் அக்கா
ஒத்தீலியா